நான்கு வருடம் நின்ற காருக்குச் சாவி போடுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம். கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, அப்பா 2021இல் தவறிவிட்டார். அவருடைய 2001 டொயோட்டா டாஸ் 160i கார் அன்றிலிருந்து வீட்டுக்குக் கீழே இருக்கும் கராஜில்தான் நிற்கிறது. நாலு வருடமாக யாரும் தொடவில்லை. 2022 வெள்ளத்தில் கராஜுக்குள் தண்ணீர் வந்தது. போன வாரம் என் அண்ணன் மகன் புது பேட்டரி வாங்கி மாட்டினான். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பான். டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருப்பதாக முள் காட்டுகிறது. பிரேக் கிளீனரை ஏர் ஃபில்டர் வழியாக அடித்தால் பிடித்துக்கொள்ளும் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கயிறு கட்டி இழுத்தால் போதும் என்கிறார். ஸ்க்ராப் எடுப்பவர் ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போனார். குட் ஃபிரைடேக்கு அம்மாவை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அப்பாவின் காரிலேயே கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. நடக்குமா?"

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒரு வேலை. இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே கராஜுக்குப் போய், புது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அண்ணன் மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், தாத்தா வண்டி மேல் உள்ள ஆசையில் செய்திருக்கிறான். ஆனால் இருபத்தோராவது தடவை சாவியைத் திருப்ப விடாதீர்கள்.

ஓடாமல் நிற்கும் இன்ஜினில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். சிலிண்டர் சுவர் காய்ந்துபோகும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் அதன் மேல் லேசாகத் துருவும் படரும். அப்படிக் கிடக்கும்போது சுற்றச் சுற்ற, பிஸ்டன் ரிங் காய்ந்த இரும்பில் உரசுகிறது. பெட்ரோல் உள்ளே வந்து எரியாமல் போனால், ஒட்டியிருக்கும் கொஞ்ச ஆயிலையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்டார்ட்டரையும் நினைக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி, அப்புறம் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். விடாமல் போட்டால் சூட்டில் சுருள் கருகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த செய்தியும் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பிஸ்டன் இறுகிப்போகவில்லை, ஸ்டார்ட்டர் உயிரோடு இருக்கிறது, பேட்டரியும் போதும். நீண்ட நாள் நின்ற வண்டிகளில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி வெள்ளத்தைப் பற்றி. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை டர்பனில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ப்ரொஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, அது மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கராஜுக்குள் தண்ணீர் வந்தது என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது, எவ்வளவு உயரம் வந்தது என்பது. இந்த வண்டியை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்கே விடை அதில்தான் இருக்கிறது.

கராஜ் சுவரில் சேற்றுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தால் வண்டியே சொல்லும். முன் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். மெல்லிய மண் படிந்து காய்ந்திருக்கிறதா, சீட் நகரும் தண்டவாளத்தில் துரு பிடித்திருக்கிறதா, கதவைத் திறந்ததும் பழைய ஈரத்துணி நாற்றம் வருகிறதா? இவை எதுவும் இல்லை, தண்ணீர் சக்கரத்தின் பாதியோடு நின்றது என்றால் பிரேக்கும் வீல் பேரிங்கும்தான் அடிபட்டிருக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள், அதன் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். கார்ப்பெட் நனைந்திருந்தால் அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். அதை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், பொறுமையான வேலை. அதற்கும் மேலே, டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு ஸ்க்ராப்காரரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் செலவு செய்வது உங்கள் பணத்துக்கு நியாயமில்லை.

ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரி. பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இருபது தடவை சுற்றியும் இன்ஜின் எங்கும் முட்டி நிற்கவில்லை என்பதால் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கவில்லை என்பது உறுதி. ஆனால் அடியில் சம்ப்பில் கொஞ்சம் இருக்கலாம்.

அடுத்தது பலர் கடைசியில் யோசிப்பது, நான் முதலில் யோசிப்பது: இம்மொபிலைசர், அதாவது திருடர் ஓட்டிப் போகாதபடி வண்டியைப் பூட்டும் சாதனம். உங்கள் அப்பா வண்டியைப் பத்திரமாக வைத்திருந்தவர் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டதற்காக அந்த நாட்களில் இங்கே ஏகப்பட்ட வண்டிகளுக்கு வெளியே தனியாக இம்மொபிலைசர் பொருத்தினார்கள். அது ஸ்டார்ட்டரையோ, பற்றவைக்கும் மின்சாரத்தையோ, பெட்ரோல் பம்ப்பையோ வெட்டிவிடும். பெரும்பாலும் இவற்றில் இரண்டை வெட்டும். ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வெட்டியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பது போலத்தான் இருக்கும்: இன்ஜின் ஜோராகச் சுற்றும், ஒரு தடவைகூடப் பிடிக்காது. பழைய பேட்டரி செத்துப் புதியது மாட்டியதும் அது பூட்டிய நிலையிலேயே விழித்துக்கொள்ளும்.

அப்பாவின் சாவிக்கொத்தைத் தேடுங்கள், மாற்றுச் சாவியை அல்ல, அவர் தினமும் சட்டைப்பையில் வைத்திருந்ததை. அதில் சின்ன கறுப்பு டேக், ஒரு ரிமோட், அல்லது நாணயம் போல ஒரு உலோகப் பொத்தான் இருக்கும். ரிமோட்டில் உள்ள பேட்டரியும் இந்நேரம் தீர்ந்திருக்கும், புதிதாகப் போடுங்கள். அவருடைய இன்சூரன்ஸ் ஃபைலில் வெசா (வாகனப் பாதுகாப்புச் சங்கம்) என்று தலைப்பிட்ட ஒரு சான்றிதழ் இருக்கலாம். என்ன சாதனம், யார் பொருத்தினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், வண்டி எடுப்பதற்கு முன் அப்பா எதையாவது தொடுவாரா, எங்காவது ஒரு ஸ்விட்ச்சை அமுக்குவாரா என்று. பக்கத்து சீட்டில் இருபது வருடம் உட்கார்ந்து வந்தவருக்கு மெக்கானிக்கைவிட அதிகம் தெரியும்.

அது சரியாகிவிட்டால், இனி பெட்ரோல். முள் பாதிக்கு மேல் காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். எனக்கு அதுதான் கவலை. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் லேசான பாகம்தான் இன்ஜினைப் பற்றவைப்பது. ஆறு மாதத்திலேயே அது குறையத் தொடங்கும். நான்கு வருடத்தில் மிச்சமிருப்பது காற்றோடு கலந்து பிசினாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு திரவம். டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புது பெட்ரோலின் கூர்மையான வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் நாற்றம் அடித்தால் அதைக் காருக்குக் கொடுக்கக் கூடாது. மேலே புது பெட்ரோல் ஊற்றிக் கலந்துவிடலாம் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். வேண்டாம்.

இதை நான் கற்றது ஒரு நல்ல மனிதரின் வண்டியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று வருடம் நின்ற ஒரு டொயோட்டா கிரெசிடா காரை என்னிடம் கொடுத்தார்கள். பழைய பெட்ரோலோடு புதியதைச் சேர்த்து ஸ்டார்ட் செய்தேன். பிடித்துவிட்டது, அழகாக ஓடியது. சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரவெல்லாம் ஆறிய இன்ஜினை மறுநாள் காலையில் எடுக்கப் போனால், உள்ளே காற்று இழுக்கும் வால்வுகள் எல்லாம் பிசினில் ஒட்டிப்போய்த் திறந்தபடியே நின்றன. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதாயிற்று. டாங்கை வடித்திருந்தால் அரை நாள் வேலை, அது பத்து நாள் ஆனது. அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் நின்ற பெட்ரோலை நான் எந்த இன்ஜினுக்குள்ளும் விட்டதில்லை.

ஆகவே டாங்கை முழுதாக வடிக்க வேண்டும். கதவு திறந்த இடத்தில், பக்கத்தில் கீசரோ ஃபிரிட்ஜோ ஓடாமல், பேட்டரி ஒயர் கழற்றிய நிலையில் செய்ய வேண்டும். வாயால் குழாயை உறிஞ்சி எடுப்பதை அனுமதிக்காதீர்கள், நுரையீரலுக்குள் ஒரு துளி போனாலும் ஆபத்து. கைப்பம்ப் மலிவாகக் கிடைக்கும். வடித்ததைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால், அடியில் தண்ணீர் தனியாக நிற்பதும் துருத் துகள் படிவதும் தெரியும். அப்படித் தெரிந்தால் டாங்கையே கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். பழைய பெட்ரோலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். அது ஓடைக்கும் ஆற்றுக்கும்தான் போய்ச் சேரும். பழைய இன்ஜின் ஆயிலோடும் கலக்காமல் மூடிய கேனில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

உங்களுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி, பம்ப் டாங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான்கு வருடம் பிசினில் ஊறிய பம்ப் ஓடாமல் போவது சகஜம். புது கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின்னாலிருந்து 'உர்ர்' என்று இரண்டு விநாடி சத்தம் கேட்கும். அதை எதிர்பார்த்து, சத்தம் இல்லை, பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வயது டொயோட்டாக்களில் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்ப்புக்கு மின்சாரம் போகும். எனவே, பின்னால் சொல்லும் ஆயில் வேலை முடிந்து புது பெட்ரோல் ஊற்றிய பிறகு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டாங்க் மூடியருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். ஓடவில்லை என்றால் உடனே பம்ப் வாங்கக் கடைக்கு ஓடாமல், முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் அந்த இம்மொபிலைசர் வெட்டிய ஒயர், கடைசியில் பம்ப். ஓடினாலும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து தரும் கடைகள் இருக்கின்றன.

தீப்பொறி வருகிறதா என்று தெரிய, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். நான்கு பிளக் ஒயர்களுக்கும் எண் எழுதிய டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள், மாற்றி மாட்டினால் புதுக் கஷ்டம் வரும். கழற்றிய பிளக்கே நிறையச் சொல்லும். இருபது தடவை சுற்றிய பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து நாற்றமடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது அந்தப் பெட்ரோல் எரியும் தகுதியை இழந்துவிட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் திறந்து பாருங்கள். சாட்ஸ்வொர்த் ஈரத்தில் நான்கு வருடம் மூடிக் கிடந்தால் உள்ளே உலோகமுனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சில வண்டிகளில் அதைத் துடைத்ததே முழு வைத்தியமாக இருந்திருக்கிறது. பிளக், மூடி, உள்ளே சுழலும் ரோட்டர், மூன்றும் டாஸுக்கு விலை குறைவு, எளிதில் கிடைக்கும். புதிதாகவே போட்டுவிடுங்கள்.

இதோடு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க மறக்காதீர்கள். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. கூடு இருந்தால் சுற்றியுள்ள ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக் நான்கும் வெளியே இருக்கும் அந்த நேரத்தில்தான் இன்ஜினுக்குச் செய்ய வேண்டிய முக்கியமான உபகாரம் இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி சுத்தமான இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, கையாலேயே கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். எங்காவது கடினமாக நின்றால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். அப்புறம் பம்ப் ஃபியூஸையும் பற்றவைக்கும் இணைப்பையும் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணையும் வரை. விளக்கு அணைந்தால் ஆயில் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். இதைச் செய்த இன்ஜினும் செய்யாத இன்ஜினும் ஒன்றாகவே ஸ்டார்ட் ஆகலாம். ஆறு மாதம் கழித்து ஆயில் குடிக்கும் அளவில் வித்தியாசம் தெரியும்.

பிரேக் கிளீனர் யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். அதில் பல வகைகள் எளிதில் தீப்பிடிக்கும், சில வகைகளில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், எரிந்தால் விஷப்புகை. கார்புரேட்டர் கிளீனரை ஒரே ஒரு முறை மெல்ல அடித்து, இன்ஜின் ஒரு விநாடி உறுமி நிற்கிறதா என்று நாங்கள் பார்ப்பது உண்டு. உறுமினால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று தெரியும். அது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை மட்டுமே. கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம். உங்கள் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, கயிறு புதிதாக என்ன தந்துவிடும்? தவிர, பிரேக் வேலை செய்யுமா என்று தெரியாத வண்டியை சாட்ஸ்வொர்த் மேட்டில் இழுப்பது உயிர் ஆபத்து.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பத்து லிட்டர் புது பெட்ரோல் போதும். காரை முழுதாகக் கராஜுக்கு வெளியே தள்ளி வையுங்கள், கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மேலே வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறார். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். பிடித்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். நீலப்புகை வந்தால் பயப்பட வேண்டாம், நீங்கள் சிலிண்டரில் விட்ட ஆயில்தான், சில நிமிடத்தில் அடங்கும். ஆயில் விளக்கு ஐந்து விநாடிக்குள் அணையாவிட்டால் மட்டும் உடனே நிறுத்துங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஓட விட்டு, பெட்ரோல் எங்காவது கசிகிறதா, வெப்ப முள் எங்கே நிற்கிறது, ரேடியேட்டர் ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். காய்ந்துபோன ரப்பர் குழாய்கள் கசிவது இப்போதுதான் தெரியவரும்.

இன்ஜின் ஓடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடாத இன்ஜின் யாரையும் காயப்படுத்தாது, நிற்காத கார் காயப்படுத்தும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. உங்களுடையது நான்கு வருடத்துக்கு மேல், வெள்ளம் வேறு. முழுதாக மாற்றுங்கள். பின் டிரம்களைக் கழற்றிச் சிலிண்டர்களில் கசிவு பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றிருந்தால் பின்சக்கரம் ஒட்டியிருக்கும். கிளட்ச் தட்டும் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம்: கிளட்ச்சை முழுதாக மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் அதுதான். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார் என்று அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் வேலையும் இருக்கிறது. வண்டியின் வருடாந்தர உரிமச் சீட்டான லைசன்ஸ் டிஸ்க் புதுப்பிக்காத வருடங்களுக்குப் பாக்கியும் அபராதமும் ஏறியிருக்கும். வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால், சொத்தைப் பார்த்துக்கொள்பவர் மூலமாகத்தான் உங்கள் பெயருக்கு மாறும், அதற்கு, வண்டி சாலைக்குத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்தி சான்றிதழும் வேண்டும். ஒருவகையில் அது நல்லது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் உங்களுக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் ஒருமுறை பார்த்துவிடுவார். அது கையில் வரும்வரை வண்டி சாலையில் தன் சக்கரத்தில் போக வேண்டாம், மெக்கானிக்கிடம் கொண்டுபோக டோ லாரியைக் கூப்பிடுங்கள்.

ஸ்க்ராப்காரருக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். தண்ணீர் கார்ப்பெட்டைத் தொடவில்லை என்றால் இந்த வண்டியை நான் விடமாட்டேன். டாஸ் நம் ஊரில் செய்த வண்டி, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும். ஆனால் குட் ஃபிரைடே என்று அம்மாவிடம் தேதி சொல்லிவிடாதீர்கள். அந்த நாளில் கோயில் பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கும். ரேடியேட்டரும் கிளட்ச்சும் சோதிக்கப்படாத காரில் வயதான அம்மாவை உட்கார வைக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு மாதமாவது பக்கத்து வீதிகளில், கடைக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டிப் பழக நேரம் கிடைத்தால் இந்த வருடமே போகலாம்.

இந்த வாரம் மூன்று விஷயம் மட்டும் பார்த்து எழுதுங்கள்: தண்ணீர் எதுவரை வந்தது, அப்பாவின் சாவிக்கொத்தில் டேக் இருக்கிறதா, கழற்றிய பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா. அடுத்து எதைக் கழற்றுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.